பயிரின் காவலும் நமது கடமையும்

கண்ணும் காதும் இல்லாத நெற்பயிருக்கும் தன்னைக் காத்துக்கொள்ளும் வல்லமை உண்டு என்பதை நமது அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். அந்தக் காவலின் பெயர் குறு ஆர்.என்.ஏ.

பயிரின் உயிரணுவில் மரபுக் கட்டளைகள், சங்கத்தின் இரும்புப் பெட்டியில் உள்ள மூலப் பத்திரங்கள்போல் இருக்கின்றன. வேலை நடப்பதோ அவற்றின் நகல்களைக் கொண்டு, அந்நகலே ஆர்.என்.ஏ. ஆகும். வைரஸ் கிருமி உள்ளே புகுந்தால் தன் கட்டளைகளின் நகல்களைப் பெருக்குகிறது. அப்போது உண்டாகும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பயிர் 21 முதல் 24 எழுத்துகள் கொண்ட சிறு துண்டுகளாக வெட்டுகிறது. அத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு, அவற்றோடு பொருந்தும் நகல்களைத் தேடி அழிக்கிறது. செடிகளில் இத்துண்டுகளை 1999-இல் ஹாமில்டன், பால்கோம் என்னும் விஞ்ஞானிகள் இங்கிலாந்தில் கண்டறிந்தனர்.

நன்னிலம் வட்டார விவசாயிகளுக்கு இது தொலைவிலுள்ள விஷயமன்று. பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயால் நெல் இலை மஞ்சளாகிப் பயிர் குட்டையாகிறது. டில்லிப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் இந்நோயின் வைரஸிலிருந்து ஒரு பகுதியை நெல்லில் சேர்த்து, இக்காவலை முன்கூட்டியே விழிக்கச் செய்தனர். 2008-இல் முடிவை வெளியிட்டனர். பின்னர் அப்பண்பு நமது ஏ.எஸ்.டி. 16 ரகத்துக்கும் மாற்றப்பட்டு, 2016-இல் முடிவு வெளிவந்தது. ஆயினும் அந்நெல் இன்னும் சாகுபடிக்கு வரவில்லை.

மரபு மாற்றம் என்றதும் வெறுப்பதும் தவறு. விஞ்ஞானம் என்றதும் கைகூப்புவதும் தவறு. இக்காவலை முடக்கும் புரதங்கள் பல வைரஸ்களிடம் உண்டு. ஆகவே விதை ஒன்றையே நம்பியிருத்தல் ஆகாது. நாம் கேட்கவேண்டியவை இரண்டு. முதலாவது, இத்தகைய நெல் வருமாயின், 1922 முதல் நம் அருகிலிருக்கும் ஆடுதுறை நிலையம் போன்ற பொது ஸ்தாபனங்களில் சோதிக்கப்பட்டு, முடிவுகள் தமிழில் நமக்குத் தரப்படவேண்டும். இரண்டாவது, விதையைச் சேமிக்கவும் பரிமாறிக்கொள்ளவும் 2001-ஆம் ஆண்டுச் சட்டம் விவசாயிக்கு அளித்துள்ள உரிமை எக்காரணத்தாலும் குறையலாகாது.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தத்துப்பூச்சிக்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது. ஒருவர் நோயுற்ற பயிரைப் பிடுங்கி அழிக்க, அடுத்தவர் அதை உரக்குறைவு என்று விட்டுவைத்தால் இருவருக்கும் நஷ்டமே. ஒரே காலத்தில் நாற்றுவிடுவதும் நடுவதும், நோயைக் கண்டவுடன் சங்கத்துக்குத் தெரிவிப்பதும் இந்தச் சம்பாவிலேயே தொடங்கக்கூடிய காரியங்கள். பயிர் தன் உயிரணுக்குள் காவல் வைத்திருக்கிறது; ஊர்க் காவல் நம்முடையது.