சாமை குத்திய உரல்



நான் கொல்லிமலையில் பிறந்தவள், வயது 23. நாமக்கல்லில் படிப்பை முடித்துவிட்டு, 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வீடு திரும்பியிருக்கிறேன். பட்டணத்துக் கடையில் பளபளப்பான பொட்டலத்தில் சாமையைப் பார்த்தது முதல் மனம் ஆறவில்லை. அது எங்கள் மலைச் சோறு. இன்று எங்கள் வீட்டில் வேகிறது ரேஷன் அரிசி.

சாமை விளைந்த சரிவெல்லாம் இப்போது மரவள்ளி. கிழங்கு பிடுங்கினால் லாரி வந்து சேகோ ஆலைக்கு ஏற்றிப் போகிறது, கையில் பணம் நிற்கிறது. மரவள்ளி நட்ட அப்பாவை எப்படிக் குறை சொல்வேன்? சாமையைக் குத்தி உமி நீக்கும் வேலையோ பெண்கள் தலையில்தான் விடிந்தது. அம்மாயி உரலில் குத்துவார், முறத்தில் புடைப்பார், உமி போகாது, மறுபடி குத்துவார். இரண்டு வேளைச் சோற்றுக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். அவர் உள்ளங்கைக் காய்ப்பு இன்னும் கரையவில்லை. பழைய உணவுக்குத் திரும்புங்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் அந்தக் கையை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும்.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷனில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். எங்கள் மலையிலேயே விளையும் சாமையை நல்ல விலைக்கு வாங்கி, எங்கள் ரேஷன் கடையிலேயே கொடுக்கலாமே! கூடவே ஊருக்கு ஊர் உமி நீக்கும் இயந்திரமும் வேண்டும். அரசு இதைச் செய்து தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகி, செம்மேடு, கொல்லிமலை.