ஐகன் மதிப்பை மட்டும் நம்பாதீர்கள்

இன்றும் கணக்குதான், ஓடிவிடாதீர்கள். நானே ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்தவன்தான். இது புரியப் பெரிய பட்டம் எதுவும் வேண்டாம்.

பெரிய அணியைக் கம்ப்யூட்டரில் போட்டு, "ஐகன் மதிப்பெல்லாம் 1-க்குள் இருக்கிறது, பயமில்லை" என்று இன்ஜினீயர் பிள்ளைகள் சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை.

16 நிரை, 16 நிரல் கொண்ட ஓர் அணி. முதன்மை மூலைவிட்டத்துக்கு நேர் மேலே உள்ள 15 இடங்களில் 1, மற்ற எல்லாம் 0. மேல் முக்கோண அணி என்பதால் ஐகன் மதிப்புகள் அத்தனையும் பூஜ்யம். முழு மதிப்பெண் போடுவேன். இப்போது இடது கீழ் மூலைப் பூஜ்யத்தை மட்டும் அழித்து 0.0000000000000001 என்று எழுதுங்கள். கம்ப்யூட்டர் தோராயமாக்குவதில் வரும் பிழையே ஏறத்தாழ இந்த அளவுதான். ஐகன் மதிப்பின் 16-ஆம் அடுக்கு இந்தத் துளிக்குச் சமம் என்று சமன்பாடு வரும். அதாவது 16 மதிப்புகளும் 0.1 ஆரமுள்ள வட்டத்துக்குப் போய்விட்டன! 1000-க்கு 1000 அணியானால், அதே துளிக்கு ஆரம் சுமார் 0.96.

இந்த அணியை முடிவில்லாமல் நீட்டினால் ஷிஃப்ட் ஆபரேட்டர். அதன் நிறமாலை 1 ஆரமுள்ள வட்டத்தட்டு முழுவதும். அதிலிருந்து வெட்டிய அணியோ, 10 லட்சம் நிரை இருந்தாலும் "பூஜ்யம்" என்றே சாதிக்கும். பெரிதாக்கினால் உண்மை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது.

அணியைத் துளி மாற்றினால் ஐகன் மதிப்புகள் எங்கெல்லாம் போகுமோ, அத்தனை இடமும் சேர்ந்ததுதான் சூடோஸ்பெக்ட்ரம். அணி வளர வளர அது அந்தத் தட்டை நிரப்பிவிடும். சூடோ என்றால் போலியாம். உண்மை பேசுவதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்!

இது வெறும் தாள் கணக்கில்லை. குழாயில் நீரின் வேகம் கூடினால் சீரான ஓட்டம் குலையும் என்று 1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் சாயம் விட்டுக் காட்டினார். ஐகன் மதிப்புக் கணக்கோ குலையாது என்றது. அடங்க வேண்டிய சிறு கலக்கம் அடங்குவதற்கு முன் பல மடங்கு பெருக்கலாம் என்று 1993-இல் டிரெஃபெதனும் சகாக்களும் சயன்ஸ் இதழில் விளக்கினார்கள்.

சமச்சீர் அணியில் இந்த வம்பு இல்லை. மாற்றம் சிறிதென்றால் நகர்வும் சிறிது. வகுப்பில் அதையே கொடுத்துப் பழக்கினால் பிள்ளைகளுக்குச் சந்தேகம் எப்படி வரும்?

அறிக்கையில் சூடோஸ்பெக்ட்ரம் படத்தையும் சேருங்கள் பிள்ளைகளே. மேட்லாபில் ஈக்டூல் என்ற கருவி அதை வரைந்து தரும். மற்றவர்கள் 3-க்கு 3 அணியில் மூலைக்கு 0.001 வைத்துக் கையால் போட்டு, விடையைக் கமெண்டில் எழுதுங்கள். திருத்தித் தருகிறேன்.