மீனுக்கு ஒரு செர்த்திஃபிக்கா த வீ

கடற்கரைச் சாலையில் காலையில் என்னோடு நடக்கும் நண்பர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நான் சொன்ன விஷயத்தைக் கேட்டு நடையை நிறுத்திவிட்டார். "மீனை மயக்கி, வயிற்றை அறுத்து, டிரான்ஸ்மிட்டர் வைத்துத் தைத்து ஆற்றில் விடுகிறார்களா? பாவமில்லையா முசியே? வறுத்துத் தின்றாலாவது ஒரு நியாயம் இருக்கிறது" என்றார். அன்று எனக்குச் சரியாகப் பதில் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, போர்ட்லாண்டு நகருக்குக் கிழக்கே கொலம்பியா ஆற்றில் உள்ள பான்வில் அணைக்கு அழைத்துப் போனான். முட்டையிடக் கடலிலிருந்து ஏறி வரும் சால்மன் மீன்களுக்காக அங்கே படிப்படியாகத் தொட்டி கட்டி 'மீன் ஏணி' வைத்திருக்கிறார்கள். கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து, கடந்து போகும் மீனை இனவாரியாக எண்ணிப் பதிவு செய்கிறார். 1938 முதல் நடக்கும் கணக்கு இது. அடடா, நம் சாதி குமாஸ்தா என்று மனத்துக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

ஏறும் மீன் கண்ணுக்குத் தெரிகிறது. கடலுக்கு இறங்கும் குஞ்சு தெரிவதில்லை. சாண் நீளம்கூட இருக்காது. அணைக்கு வந்தால் மதகு வழியே விழலாம், அதற்கென்று அமைத்த மாற்று வழியில் போகலாம், மின்சாரம் எடுக்கும் டர்பைனுக்குள்ளும் போகலாம். எத்தனை உயிரோடு மறுபக்கம் வந்தன என்று அறியத்தான் இந்த அறுவை.

மயக்க மருந்து கலந்த நீரில் குஞ்சை விடுகிறார்கள். அது புரண்டதும் ஈரப் பஞ்சின்மேல் மல்லாக்கக் கிடத்தி, வாய் வழியே சிறு குழாயில் நீர் ஓட விடுகிறார்கள். வயிற்றில் சில மில்லிமீட்டர் கீறல், உள்ளே கருவி, ஒன்றிரண்டு தையல். சில நிமிட வேலை. பிறகு காற்று செலுத்திய தொட்டியில் தெளிய வைத்து விடுகிறார்கள். தையலே வேண்டாமல் ஊசியால் செலுத்தும் கருவியும் இப்போது உண்டு. நீளம் 15 மில்லிமீட்டர், எடை 0.22 கிராம். நம் காதுக்கு எட்டாத ஒலியில் சில விநாடிக்கொரு தரம் தன் நம்பரைச் சொல்லிக்கொண்டே போகும். ஆற்றுக்குள் வைத்த கருவிகள் அதைக் குறித்துக்கொள்ளும்.

இங்கேதான் எனக்கு என் பழைய வேலை ஞாபகம் வந்தது. பிரெஞ்சு படித்தவன் என்பதால் எங்கள் தெருவில் சொல்தா குடும்பங்களுக்கு வருஷா வருஷம் செர்த்திஃபிக்கா த வீ படிவத்தை நான்தான் நிரப்பித் தருவேன். ஆள் உயிரோடிருக்கிறார் என்ற சான்று போனால்தான் பென்ஷன் வரும். ஒரு பாட்டியம்மா கைநாட்டு வைத்துவிட்டுப் போன அடுத்த வாரமே போய்ச் சேர்ந்துவிட்டார். காகிதம் கடல் கடந்து போய் அவர் இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பொய்யில்லை. கைநாட்டு வைத்த அன்று இருந்தார், அவ்வளவுதான்.

டிரான்ஸ்மிட்டரும் அப்படித்தான். மீன் செத்து மிதந்து போனாலும் அது நம்பர் சொல்லும். பெரிய மீன் விழுங்கினால் விழுங்கிய வயிற்றிலிருந்தும் சொல்லும். இதை அந்த ஆய்வாளர்கள் மறைக்கவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. செத்த மீன்களுக்குள்ளும் வேண்டுமென்றே கருவி வைத்து அணையில் விட்டு, பிணம் எதுவரை மிதந்து போகிறது என்று பார்க்கிறார்கள். அதற்கும் கீழே தள்ளித்தான் உயிர்க் கணக்கின் முதல் வரிசைக் கருவிகளை வைக்கிறார்கள். எங்கள் கணக்கு வாத்தியார் ஒவ்வொரு விடைக்கும் "எ லா ப்ரேவ்?" என்று கேட்பார், நிரூபணம் எங்கே என்று. அவர் இதைப் பார்த்திருந்தால் முழு மார்க் போட்டிருப்பார்.

ஆனால் முழு மார்க் போட எனக்கு மனம் வரவில்லை. காயம்பட்ட குஞ்சையும் நோய்கண்ட குஞ்சையும் கருவி வைக்காமல் ஒதுக்கிவிடுகிறார்கள். மிகச் சிறியதையும் ஒதுக்குகிறார்கள், கருவியின் பாரம் தாங்காதென்று. நியாயம்தான். ஆனால் கிடைக்கும் விடை திடகாத்திரமான பிள்ளைகளின் பரீட்சை முடிவு. நோஞ்சான்கள் ஹாலுக்குள்ளேயே வரவில்லை.

அடுத்தது சதவீதம். வசந்தத்தில் இறங்கும் குஞ்சுகளில் 96 சதவீதம் ஓர் அணையை உயிரோடு கடக்க வேண்டும் என்று 2008-இல் இலக்கு வைத்தார்கள். கோடையில் இறங்குபவற்றுக்கு 93. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கிளையான ஸ்நேக் ஆற்றின் மேல்பகுதியிலிருந்து வரும் குஞ்சு, அந்த ஆற்றில் நான்கு, கொலம்பியாவில் நான்கு என்று எட்டு அணைகளைத் தாண்ட வேண்டும். பழக்கதோஷத்தில் தாளை எடுத்துப் பெருக்கினேன். நூற்றில் 96, அதில் 96 சதவீதம், அதிலும் 96 சதவீதம் என்று எட்டு முறை போட்டால் நிற்பது 72. கோடைக் குஞ்சுக்கு 56. அணைகளுக்கு நடுவே தேங்கிய நீரில் சாவது இதில் சேராது. படகில் ஏற்றி அணைகளைத் தாண்டி இறக்கிவிடப்படும் குஞ்சுகளும் உண்டு, அது தனிக்கணக்கு.

அந்த ஆற்றங்கரைப் பழங்குடியினருக்கு மீன் பிடிக்கும் உரிமை 1855 ஒப்பந்தங்களில் எழுதித் தரப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் மீன் பிடித்த சிலைலோ அருவி 1957-இல் டாலஸ் அணை நீரில் மூழ்கியது. எழுத்து இருக்கிறது, அருவி இல்லை. ஸ்நேக் ஆற்றின் நான்கு அணைகளை உடைக்கலாமா கூடாதா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இரு தரப்பும் கையில் பிடித்திருப்பது மீன் கணக்கைத்தான்.

அதனால் நண்பருக்கு என் பதில்: அறுவை பாவம் என்று நான் நினைக்கவில்லை. டர்பைனுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமலே அணையை ஓட்டுவதுதான் பெரிய பாவம். ஆனால் வயிற்றைக் கீறி வாங்கிய கணக்கை ஓர் அணையோடு நிறுத்தி 96 என்று காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எட்டு அணைக்கான எண்ணையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் அச்சடிக்க வேண்டும். ஒதுக்கிய குஞ்சுகள் எத்தனை, ஏன் ஒதுக்கினார்கள் என்பதற்கும் ஒரு பத்தி வேண்டும்.

நேற்று இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். கணக்கை ஒத்துக்கொண்டார். அறுவையை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.