ஒரு கோடும் ஒரு பெயரும்



பாக்கிஸ்தானின் வடமேற்கே சுவாட் பள்ளத்தாக்கில் மிங்கோரா என்றொரு நகரம் உண்டு. அங்கே பள்ளி நடத்தி வந்த சியாவுதீன் யூசுப்சாய் என்பாருக்கு, 1997ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் ஒரு மகள் பிறந்தாள். உறவினர் ஒருவர் கொணர்ந்து காட்டிய குலவழிப் பட்டியலில் ஆண்களின் பெயர்கள் மட்டுமே இருந்தன. அத்தந்தை எழுதுகோலை எடுத்துத் தம் பெயரிலிருந்து ஒரு கோடு இழுத்து, அதன் முடிவில் 'மலாலா' என்று எழுதினார்.

அக்குழந்தையின் தாயாரோ அந்நாளில் எழுதப் படிக்க அறியாதவராயிருந்தார். ஆறு வயதில் பள்ளியிற் சேர்ந்தவர், வீட்டில் விளையாடும் உறவுச் சிறுமியரை எண்ணி ஏங்கினார். ஒருநாள் புத்தகங்களை விற்று மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டார். பள்ளி வாழ்வு அத்துடன் முடிந்தது. ஏனென்று வீட்டில் எவரும் கேட்கவில்லை.

2009ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாளுக்குப் பின் எந்தப் பெண்ணும் பள்ளி செல்லலாகாது எனத் தாலிபான்கள் ஆணையிட்டனர். பதினொரு வயது மலாலா, 'குல் மகாய்' என்னும் புனைபெயரில் பி.பி.சி. உருது சேவைக்குத் தன் நாட்குறிப்பை அளித்தாள். பின்னர்த் தன் சொந்தப் பெயரிலேயே மேடைகளில் பேசினாள். 2012ஆம் ஆண்டு அக்டோபர் 9ஆம் நாள், பள்ளி வண்டியில் வீடு திரும்புகையில் துப்பாக்கிக் குண்டு அவள் தலையிற் பாய்ந்தது. உடனிருந்த மாணவியர் இருவரும் காயமுற்றனர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் சிகிச்சை பெற்று உயிர் பிழைத்தாள். அங்கேயே மீண்டும் பள்ளிக்குச் சென்றாள். தன் பதினாறாம் பிறந்த நாளில் ஐக்கிய நாடுகள் சபையில் உரையாற்றினாள். 2014ஆம் ஆண்டு, நம் நாட்டுக் கைலாஷ் சத்தியார்த்தியுடன் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவளுக்கு வயது பதினேழு. 2020இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் பட்டமும் பெற்றார் மலாலா.

இவ்வரலாற்றில் நாம் உற்று நோக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐந்து முதல் பதினாறு வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்று பாக்கிஸ்தானின் அரசியல் சட்டம் 2010ஆம் ஆண்டிலேயே உறுதி கூறியது. அச்சட்டம் இருந்தபோதே அச்சிறுமி சுடப்பட்டாள். அண்டை நாடாகிய ஆப்கானிஸ்தானில், 2021ஆம் ஆண்டு தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தபின், ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்கள் பயில வழியில்லாது போயிற்று.

ஆயினும் பெண்ணின் படிப்பு நிற்பதற்குத் துப்பாக்கி எப்போதும் தேவைப்படுவதில்லை. தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, கட்டணத்துக்குப் பணம் இல்லை, வரன் வந்துவிட்டது என்று வீட்டிற்குள் அமைதியாகச் சொல்லப்படும் ஒரு சொல்லே போதும். மலாலாவின் தாயாருடைய படிப்பைத் தடுத்தவர் எவருமிலர்; கேட்பாரின்மையாலேயே அது நின்றது. மகளுக்கோ, கேட்கவும் உடன் நிற்கவும் ஒரு தந்தை இருந்தார்.

பெற்றோர்களே, நம் மகள் இன்று பள்ளியில் என்ன படித்தாள்? மாலையில் அவளை அருகில் அழைத்துக் கேட்போமா?