மெழுகும் மாவடுவும்

இங்கிலீஷ் பாடத்துக்காகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்த என் பெண், கடைசியில் 'யுவர்ஸ் சின்சியர்லி' என்று போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, சின்சியர்லின்னா 'மெழுகு இல்லாமல்'னு அர்த்தமாம், தெரியுமா?"

ரோமாபுரியில் விரிசல் விட்ட பாத்திரங்களையும் சிலைகளையும் மெழுகால் அடைத்து விற்பார்களாம். நாணயமான வியாபாரி மட்டும் 'ஸினே கேரா', அதாவது லத்தீனில் 'மெழுகு இல்லை' என்று சொல்லி விற்பானாம்.

எனக்குச் சுருக்கென்றது. பீங்கான் பொம்மையும் அகலும் செய்கிற விருத்தாசலத்தில் குடியிருந்துகொண்டே, போன வருஷம் ஒரு ஊறுகாய் ஜாடியில் ஏமாந்தவளாயிற்றே நான்! விற்றவர் யார் என்பது இருக்கட்டும். அடியில் மயிரிழை போல ஒரு கீறல். அதன்மேல் வெள்ளையாக எதையோ பூசியிருந்தது. உப்புநீர் கசிந்து அலமாரிப் பலகை நனைந்த பிறகுதான் கண்ணில் பட்டது. மாவடு அத்தனையும் பூசணம் பூத்துக் குப்பைக்குப் போயிற்று. அத்தை ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அதனால் அந்த மெழுகுக் கதையை நம்பிவிட எனக்கு ஆசைதான். ஆனால் அகராதி செய்தவர்கள் அதற்கு ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டார்கள். மூலச்சொல் 'ஸின்கேருஸ்'. சுத்தமான, கலப்பில்லாத, பழுதில்லாத என்று பொருள். 'ஒரே வளர்ச்சியாக வளர்ந்தது' என்ற கருத்தில் பிறந்திருக்கலாம் என்பது அறிஞர்கள் ஊகம். ஆங்கிலத்துக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில்.

வேடிக்கை என்னவென்றால், 2,000 வருஷங்களுக்கு முன் ஹொரேஸ் என்ற ரோமானியக் கவிஞர் இதே சொல்லைப் பாத்திரத்துக்குத்தான் சொல்லியிருக்கிறார். பாத்திரம் அப்படி இல்லாவிட்டால் உள்ளே ஊற்றியது புளித்துவிடுமாம். மெழுகு பொய்யானாலும் ஜாடி மெய்!

நம் ஊர்க் கதையையும் பாருங்களேன். பழமலைநாதர் தந்த 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போடுமுன், பின்னால் மாற்றுப் பார்ப்பதற்கென்று ஒரு துண்டு வெட்டி வைத்துக்கொண்டாராம் சுந்தரர். சாமி கொடுத்ததற்கே அப்படி! நானோ ஒரு ஜாடியைச் சுண்டிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தத் தடவை பார்த்தேன். நல்ல ஜாடி 'ணங்'கென்று மணிபோல் பேசும். கீறல் விட்டது 'தொக்'கென்று அடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, பழைய பேப்பர்மேல் ராத்திரி முழுக்க வைத்தேன். காலையில் பேப்பர் காய்ந்தே இருந்தது.

அத்தை அதைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாவடு கழுவ உட்கார்ந்துவிட்டார்கள்.