ஆசிரியரின் குரலுக்கும் ஓய்வு வேண்டும்

பாடம் நடத்திக் கட்டிப்போன தொண்டைக்கு மிளகுப்பாலும் அதிமதுரமும் தருவது நம் வீட்டு வழக்கம். அவை இதமளிக்கும், ஆனால் விழுங்குவது உணவுக்குழாய்க்குள் போய்விடுவதால் குரல்நாண்களைத் தொடுவதில்லை. பேசும்போது குரல்நாண்கள் ஆண்களுக்கு நொடிக்கு 100 முறைக்கு மேலும், பெண்களுக்குச் சுமார் 200 முறையும் ஒன்றோடொன்று மோதுகின்றன. கத்திப் பேசினால் மோதல் கடுமையாகி, அவற்றின் மெல்லிய சவ்வு வீங்குகிறது. அந்த வீக்கம் வடிய முதல் தேவை ஓய்வு. நாள் முழுவதும் போதிய தண்ணீரும் ஆவி பிடிப்பதும் துணைநிற்கும். கிசுகிசுப்பதும் அடிக்கடி செருமுவதும் அந்த ஓய்வைக் கெடுக்கும்.

ஆனால், அடுத்தடுத்து வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கு ஓய்வு எங்கே கிடைக்கிறது? அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வில், வாழ்நாளில் ஒருமுறையேனும் குரல் கோளாறைச் சந்தித்தவர்கள் ஆசிரியர்களில் 57.7 விழுக்காடு, மற்றவர்களில் 28.8 விழுக்காடு. ஆகவே இதைத் தனிமனிதக் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. வேலையோடு வரும் பாதிப்பு இது. கத்திப் பேசுவதைத் தவிர்க்க வகுப்பறையில் மைக் உதவும். ஆனால் மைக் வைத்தால் பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல், செலவும் ஆகும் என்று சிலர் சொல்லலாம். இடுப்பில் மாட்டும் சிறு ஒலிபெருக்கியின் சத்தத்தை வகுப்பறை அளவுக்கு வைத்துக்கொள்ளலாம், விலையும் அதிகமில்லை. குரல் போன ஆசிரியர் விடுப்பில் போனால் மாணவர்களுக்கு ஏற்படும் இழப்பே பெரிது. பெரிய வகுப்புகளுக்கு மைக்கும், கால அட்டவணையில் குரலுக்கு இடைவெளியும் தருவது பள்ளி நிர்வாகங்களின் கடமை. ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரகரப்பு மூன்று வாரத்தைத் தாண்டினால் கைவைத்தியத்தை நம்பியிராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.