கயிறு இழுக்கும் முன்... தோள் பத்திரம்!

தென்னந்தோப்பில் புல் வெட்டும் பிரஷ் கட்டர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், களையெடுக்கும் பவர் வீடர்... இவற்றில் பல, கயிற்றைச் சுண்டி இழுத்தால்தான் ஸ்டார்ட் ஆகும். தோளில் ஏற்கெனவே அடிபட்டவர்களுக்கு, நாள் முழுக்கச் செய்யும் வேலையைவிட அந்த ஒரு நொடிதான் கஷ்டம்.

தோள்மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. அதில் சுழலும் எலும்பை இடம் மாறாமல் பிடித்திருப்பவை நான்கு தசைகளும் அவற்றின் நாண்களும். வயது 40-ஐத் தாண்டினால் இந்த நாண்கள் தேய வாய்ப்பு அதிகம். கையை உடலைவிட்டு விலக்கி, வெடுக்கென மேலே இழுக்கும்போது பாரம் அவற்றின்மேல் விழுகிறது.

எத்தனை முறை இழுக்கிறோம் என்பதைக் குறைப்பதுதான் முதல் வேலை. மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல், கரி படிந்த ஸ்பார்க் பிளக், அடைத்துப்போன ஏர் ஃபில்டர் ஆகியவைதான் பத்து முறை இழுக்க வைக்கின்றன. டூ ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் ஆயில் அளவும் சரியாக இருக்க வேண்டும். 40:1 என்றால் லிட்டருக்கு 25 மில்லி. 50:1 என்றால் 20 மில்லி. இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக் போட மறக்கக் கூடாது.

இயந்திரத்தைக் கையில் தொங்கவிட்டபடி இழுப்பது ஆபத்து. சமதரையில் வைத்து, பிளேடு எதிலும் படாதபடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கயிற்றை மெல்ல இழுத்தால் ஓரிடத்தில் கனக்கும். அங்கிருந்துதான் வேகமாக இழுக்க வேண்டும். முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும். காலும் இடுப்பும் சேர்ந்து வேலை செய்யட்டும்.

வலி இருக்கும் நாள்களில் வேறொருவரை ஸ்டார்ட் செய்து தரச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை. புதிதாக வாங்குபவர்கள் பேட்டரி அல்லது செல்ஃப் ஸ்டார்ட் மாடலைப் பார்க்கலாம்.

அந்தப் பக்கம் படுத்தால் இரவில் வலிக்கிறதா? சுளுக்கு என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கையைத் தூக்கவே முடியவில்லை என்றால் அன்றே போவது நல்லது. பயந்துபோய் வாரக்கணக்கில் கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் மூட்டு இறுகிவிடும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் அதிகம். எந்தப் பயிற்சி, எப்போது மறுபடி கயிற்றைப் பிடிக்கலாம் என்பதை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். வலி குறைந்துவிட்டதாலேயே நாண் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை.